முக்கா முனைக்கு அந்தப் பக்கம்

பங்கோர் தீவு,
14 செப்டம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் அல்லாஹ்வோட கிருபையால நல்லா இருக்கேன். நீயும் மச்சானும் சுகமா? உன் முட்டிவலி எப்படி இருக்கு? மாடிப்படி ஏறி இறங்கறதைக் கொஞ்சம் குறைச்சுக்கோ.

உன்கிட்ட சொல்லாம கிளம்பினதுக்குக் கோபமா இருப்பே. மச்சான்தான் பஸ் ஏத்தி விட்டாங்க. "கொஞ்ச நாள் போய்ச் சுத்திட்டு வா, நாலு தீவு, நாலு கடற்கரை பாரு, மனசு தேறும்"னாங்க. படகு ஏறற ஜெட்டியில போன் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. புதுசு இன்னும் வாங்கல. அதனாலதான் கடிதம். தமிழ்ப்பள்ளி விட்டதுக்கு அப்புறம் இவ்வளவு நீளமா நான் பேனா பிடிச்சதே இல்ல. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

பங்கோர் நல்ல ஊர். பாசிர் போகாக் கரையில ஒரே கூட்டம், சத்தம். அதைத் தாண்டி தெலுக் நிப்பாவுக்கு வந்தா நம்ம மூச்சு நமக்கே கேட்கும். சாயங்காலம் ஆனா இருவாட்சிப் பறவைங்க விடுதி வராந்தாக் கம்பியில வந்து வரிசையா உட்காருது. விடுதிக்காரர் பப்பாளித் துண்டைத் தூக்கிப் போட்டா, அந்தப் பெரிய அலகாலேயே பிடிச்சு அண்ணாந்து முழுங்குது. தீவுக்கு அந்தப் பக்கம் நெத்திலி காயப் போட்டிருக்காங்க. உனக்கு ஒரு பொட்டலம் வாங்கி வச்சிருக்கேன்.

தண்ணி பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கு. வெள்ளைக்காரங்க நாள் முழுக்க நீந்தறாங்க. நான் மணல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பேன். பொழுது போயிடுது.

விடுதி விலாசம் பின்பக்கத்துல இருக்கு. மச்சானுக்கு என் சலாம் சொல்லு.

உன் துஆவை வேண்டும் தம்பி,
சாதிக்

•

ஜார்ஜ்டவுன்,
27 செப்டம்பர் 2024

என் தம்பி சாதிக்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைச்சுது. இங்க நாங்க நல்லா இருக்கோம். முட்டி அப்படியேதான் இருக்கு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்ல அஸர் பாங்கு சொல்லி முடிஞ்சுது, தொழுதுட்டு உட்கார்ந்து எழுதறேன். உன் மச்சான் படகுச் சவாரி ஆபீஸ்ல இருக்காங்க.

உம்மா மவுத்தானப்போ உனக்குப் பன்னிரண்டு வயசு. அன்னையிலேர்ந்து நீ ஒரு நாள்கூட என்கிட்ட சொல்லாம வெளியே போனதில்ல. இப்ப ஒரு பையைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கே. ஆகஸ்ட்ல அந்தப் பையன் கடல்ல மூழ்கிப் போனதுக்கு அப்புறம் நீ சரியா சாப்பிடல, என் முகத்தைப் பார்த்துப் பேசல. அது எனக்குத் தெரியும். "திடீர்னு காத்து வந்துச்சு, போட் கவிழ்ந்துச்சு, சாதிக் வெறும் படகோட்டி, அவன் மேல தப்பு இல்ல, ஆனா பயந்துட்டான்"னு உன் மச்சான் சொன்னாங்க. போலீஸும் வந்து அவங்ககிட்ட பேசிட்டுப் போச்சு. வழக்கமான விசாரணைன்னாங்க. சரின்னு நானும் விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். பறவை, நெத்திலி, மணல் எல்லாத்தையும் எழுதியிருக்கே. நீ கடல்ல இறங்கினியா? தெலுக் பாஹாங்ல தண்ணியைப் பார்த்தா சட்டையைக் கழட்டாம நிக்க மாட்டியே. வயசானவங்க மாதிரி கரையில உட்கார்ந்து பார்க்கற ஆளா நீ?

போன் வாங்கு லா. காசு இல்லைன்னா சொல்லு, அனுப்பறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் லாத்தா,
நூருல் ஹுதா

•

லங்காவி,
19 அக்டோபர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். நீயும் சுகமா இருக்க அல்லாஹ்கிட்ட கேட்டுக்கறேன்.

லங்காவிக்கு வந்து பத்து நாளுக்கு மேல ஆச்சு. மச்சானோட சிநேகிதர் ஒருத்தர் விடுதி வச்சிருக்கார், அங்கதான் இருக்கேன். பந்தாய் செனாங்ல கூட்டம் தாங்கல. வடக்கே தஞ்சோங் ரூ இருக்கு பாரு, அது வேற உலகம். தண்ணி வத்துற நேரத்துல கடலுக்கு நடுவுல மணல் திட்டு மேல வந்துடும். அதுமேல நடந்தே பக்கத்துத் தீவுக்குப் போயிடலாம், படகே வேணாம். நான் தினமும் போறேன். தண்ணி ஏறதுக்குள்ள திரும்பிடணும், அது ஒண்ணுதான்.

தாயாங் புந்திங் தீவுக்கும் போனேன். அது பிள்ளைத்தாச்சி தீவாம். மலைக்கு நடுவுல ஒரு நன்னீர் ஏரி. பிள்ளை இல்லாதவங்க அந்தத் தண்ணியைக் குடிச்சா பிள்ளை பிறக்கும்னு மலாய்க்காரங்க சொல்றாங்க. நமக்கு அதுல நம்பிக்கை இல்லதான். ஆனா கரையில நின்னு உனக்காக துஆ கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் நீ பட்டது எனக்குத் தெரியும்.

அங்க போகறதுக்குப் படகுலதான் போகணும். ஒரு சீனக் குடும்பம் என் பக்கத்துல உட்கார்ந்திருந்துச்சு. அவங்க சின்னப் பொண்ணு உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கழட்டித் தலையில கவுத்து விளையாடுச்சு. "போட்டு விடுங்க! இப்பவே போட்டு விடுங்க!"ன்னு நான் கத்திட்டேன். படகு முழுக்கத் திரும்பிப் பார்த்துச்சு. அந்தப் பிள்ளை அழுதுடுச்சு. அவங்கப்பா அதை மடியில தூக்கி வச்சுக்கிட்டார். வேற வீட்டுப் பிள்ளை, நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

வேற விசேஷம் இல்ல. மழை வர்ற மாதிரி இருக்கு.

சாதிக்

•

ஜார்ஜ்டவுன்,
9 நவம்பர் 2024

தம்பி சாதிக்குக்கு,

ஸலாம். நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல. அதனால இதை நானே சொல்லிடறேன்.

தீபாவளி முடிஞ்ச வாரம் உன் மச்சானுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு மார்க்கெட் ஸ்ட்ரீட் ஆபீஸுக்குப் போனேன். தெருவுல கட்டின விளக்கெல்லாம் இன்னும் அவுக்கல. அவங்க வெளியே போயிருந்தாங்க. ஒரு அம்மா நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். கையில குடை, மடியில பை.

"நீங்க முதலாளி வீட்டுக்காரம்மாவா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

"என் பேர் ருக்குமணி. நிபோங் திபால்லேர்ந்து வர்றேன். யுகேந்திரனோட அம்மா."

எனக்குக் கையிலிருந்த சாப்பாட்டுக் கூடையை எங்க வைக்கறதுன்னே தெரியல, சாதிக்.

"சண்டை போட வரலைம்மா. அந்தப் படகு ஓட்டின தம்பி எங்க இருக்கான்?"

"வெளியூர் போயிருக்கான்."

"எப்ப வருவான்?"

"தெரியலை."

"கூடப் போன பசங்ககிட்ட கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. திரும்பி வரப் படகு ஏறும்போது என் மகன் அந்தத் தம்பிகிட்டதான் நின்னு என்னவோ பேசினானாம். அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசலையாம். என்ன பேசினான்னு கேக்கணும். அவ்வளவுதான்."

அவன் என் தம்பின்னு சொல்ல எனக்கு வாய் வரல. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிச்சாங்க. யுகேந்திரனுக்குப் பாயான் லெப்பாஸ்ல பேக்டரி வேலை கிடைச்சு மூணு மாசம்தான் ஆகியிருந்துதாம். வேலையிடத்துப் பசங்களோட முதல் தடவையா வெளியே போனானாம். "இந்த வருஷம் வீட்டுல விளக்கு ஏத்தல"ன்னாங்க.

அப்ப உன் மச்சான் வந்தாங்க. அவங்களைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. மெதுவாத்தான் பேசினாங்க, கதவு வரைக்கும் போய் மரியாதையா அனுப்பி வச்சாங்க. திரும்பி வந்து, "இனி நீ ஆபீஸுக்கு வராதே, நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கறேன்"னாங்க.

அந்தப் பையன் உன்கிட்ட என்ன பேசினான், சாதிக்?

நூருல் ஹுதா

•

பூலாவ் பெசார், மலாக்கா,
16 டிசம்பர் 2024

லாத்தாவுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. விடுதி மாறிட்டேன். இது மலாக்காவுக்கு எதிர்ல இருக்கற தீவு. பெரிய மகான்கள் அடங்கின அவுலியா கபுரு நிறைய இருக்கு, வாரக் கடைசியில நம்மாளுங்க நிறைய வர்றாங்க. கரை சின்னது. ஆலமரம் பெருசு.

அந்தம்மா மறுபடி வந்தா என்னைப் பத்தி எதுவும் சொல்லாதே. நான் எங்க இருக்கேன்னும் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

சாதிக்

•

ஜார்ஜ்டவுன்,
7 ஜனவரி 2025

தம்பிக்கு,

ஸலாம். இதைப் படிச்சு முடிக்கற வரைக்கும் எழுந்திரிக்காதே. இனிமே வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. சலேஹா துணிக்கடை விலாசம் கீழே இருக்கு, அதுக்கு எழுது. ஸ்கூல்ல என்கூடப் படிச்ச சலேஹாதான், உனக்குத் தெரியும். உன் மச்சானுக்குத் தெரிய வேணாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு ரெண்டு அதிகாரிங்க வீட்டுக்கு வந்தாங்க. விசாரணை கோர்ட்டுக்குப் போகப் போகுதாம். ஹால்ல பேசிக்கிட்டிருந்தாங்க, நான் டீத் தட்டோட கதவுக்குப் பின்னால நின்னேன்.

"படகோட்டி என் மனைவியோட தம்பிதான்"னு உன் மச்சான் சொல்றாங்க. "ஆனா அன்னைக்கு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. ரெண்டு தடவையா கூட்டிக்கிட்டு வான்னு சொல்லியிருந்தேன். என் பேச்சைக் கேட்காம எல்லாரையும் ஒண்ணா ஏத்திட்டான். பயந்து ஓடிட்டான்."

"எங்க இருக்கார்?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா நானே கொண்டு வந்து விட மாட்டேனா?"

அவங்க கை வச்சிருந்த அந்த மேஜை இழுப்பறையிலதான் உன் பூலாவ் பெசார் கடிதம் இருந்துச்சு.

நான் உள்ளே போய் டீயை வச்சேன்.  

அவங்க சொன்னது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்னு உனக்குச் சொல்றேன். ஆகஸ்ட்ல அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் சமையலறையில மீன் கழுவிக்கிட்டிருந்தேன். உன் மச்சான் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து போன்ல பேசினாங்க. "அந்த ரெண்டாவது போட்டை பத்து பெரிங்கிக் கரை ஹோட்டலுக்கு அனுப்பிட்டேன், வராது. எல்லாரையும் ஒரே தடவையா ஏத்திட்டு வா. ஜாக்கெட் அதுல மாட்டிக்கிச்சுன்னா என்ன செய்யறது, பக்கம்தானே. மழைக்கு முன்னாடி வந்துடு"ன்னாங்க. யார்கிட்ட பேசறாங்கன்னு அப்ப நான் யோசிக்கல. உன்கிட்ட தானே?

அவங்க உன்னை ஊர் சுத்த அனுப்பல, சாதிக். நீ ஓடிட்டேன்னு காட்டத்தான் அனுப்பியிருக்காங்க. நீ ஒவ்வொரு தீவா போகப் போக, குற்றவாளியாவே ஆகிக்கிட்டு இருக்கே.

உடனே எழுது.

நூருல் ஹுதா

•

பூலாவ் பெசார்,
22 ஜனவரி 2025

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கரையில உட்கார்ந்திருந்தேன். மச்சான் போலீஸ்ல அப்படிச் சொல்லுவாங்கன்னு நான் நினைக்கல. "அடங்கற வரைக்கும் தள்ளி இரு, நான் பார்த்துக்கறேன்"னு மட்டும்தான் என்கிட்ட சொன்னாங்க. நீ கேட்டது சரிதான். அந்தப் போன் எனக்குத்தான் வந்துச்சு.

காலையில அந்தப் பேக்டரி ஆளுங்களை ரெண்டு போட்லயும் பிரிச்சுத்தான் ஏத்திக்கிட்டுப் போனோம். கெராச்சுட் கரைக்கு. சாயங்காலம் முக்கா முனைக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துச்சு. நான் மச்சானுக்குப் போன் பண்ணி, ரெண்டாவது போட் வரட்டும், இல்லாட்டி மழை விடற வரைக்கும் இங்கயே இருக்கோம்னு சொன்னேன். கேட்கல. என் போட்ல பாதிப் பேருக்குத்தான் ஜாக்கெட் இருந்துச்சு. பொண்ணுங்களுக்கெல்லாம் கொடுத்தேன். பையன்க பரவால்லண்ணே, பரவால்லண்ணேன்னு சிரிச்சுக்கிட்டே ஏறினாங்க.

முனையைத் திரும்பறப்போ காத்து பக்கவாட்டுல அடிச்சுது. பாரம் அதிகம், போட் தலையைத் தூக்கவே இல்ல. ரெண்டாவது அலையில தண்ணி உள்ளே வந்துச்சு, எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சாங்க. அவ்வளவுதான் லாத்தா. நான் கையில கிடைச்சவங்களை இழுத்து, கவிழ்ந்து கிடந்த போட்டோட அடியைப் பிடிக்க வச்சேன். மீன்பிடிப் படகு ஒண்ணு வந்துச்சு. தலையை எண்ணினப்போ ஒருத்தன் குறைஞ்சான். நான் மறுபடி மறுபடி முங்கினேன். அந்தத் தண்ணியில கண்ணைத் திறந்தா மண்ணுதான் தெரிஞ்சுது.

அதுலேர்ந்து நான் தண்ணியில இறங்கல. நீ முதல் கடிதத்துலயே கண்டுபிடிச்சுட்டே.

அவன் என்கிட்ட கேட்டது ஒண்ணு இருக்கு. அதை என்னால எழுத முடியல. ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன்.

ஆனா இதைக் கேளு. நான் வந்து உண்மையைச் சொன்னா மச்சான் ஜெயிலுக்குப் போவாங்க. உனக்குப் பிறந்த வீடுன்னு ஒண்ணு இல்ல. பிள்ளைகுட்டி இல்ல. அவங்களும் போயிட்டா உனக்கு யார்? எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினதும், படகு ஓட்டக் கத்துக்கொடுத்ததும் அவங்கதான். பழி என் மேலயே இருக்கட்டும். படகை ஓட்டினது நான்தானே.

நீ கேட்டதை நீயும் மறந்துடு.

சாதிக்

•

ஜார்ஜ்டவுன்,
11 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி சாதிக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நாங்கள் அனைவரும் இறையருளால் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் லாத்தா உனக்கு எழுதுவதும், சலேஹாவின் கடைக்கு உன் பதில் வருவதும் எனக்குத் தெரியும். நான் கோபப்படவில்லை. அக்கா தம்பி எழுதிக்கொள்வதில் என்ன தவறு?

அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன், ஆகவே நான் சொல்கிறேன். உன் லாத்தா முழுகாமல் இருக்கிறாள். ஐந்தாவது மாதம். இத்தனை வருடம் கழித்து அல்லாஹ் எங்களுக்குக் கண் திறந்திருக்கிறான். டாக்டர் ரத்த அழுத்தம் அதிகம் என்கிறார். அதிர்ச்சி எதுவும் கூடாதாம். இந்த நேரத்தில் வீட்டில் பிரச்சினை வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன ஆகும் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை.

விசாரணை மார்ச் மாதக் கடைசியில் தொடங்கும் என்கிறார்கள். அதற்குள் நீ சபா மாநிலத்துக்குப் போய்விடுவது நல்லது. செம்பூர்ணாவில் என் நண்பரின் விடுதியில் உனக்கு வேலை பேசிவிட்டேன். அங்கேயுள்ள கடலைப் போல வேறெங்கும் பார்க்க முடியாது என்கிறார்கள். தீவு தீவாகப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இரு. விமானச் சீட்டு இத்துடன் இருக்கிறது.

நீ என் வீட்டில் வளர்ந்த பிள்ளை. உன்மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

அன்புடன்,
உன் மச்சான் முகம்மது சுல்தான்

•

மலாக்கா,
24 பிப்ரவரி 2025

லாத்தா,

ஸலாம். ஏன் சொல்லல? நவம்பர்லயே உனக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கே. முட்டிவலின்னு எழுதினே, ஆனா இதைச் சொல்லல.

மச்சான் எழுதினாங்க. சீட்டும் அனுப்பினாங்க. பதினஞ்சாம் தேதி கே.எல்.லேர்ந்து விமானம். நான் போறேன். இனி இதுல பேச ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ளை பிறக்கும்போது அதோட வாப்பா பக்கத்துல இருக்கணும்.

கோபத்துல எழுதல. சந்தோஷமாத்தான் இருக்கேன். நல்லா சாப்பிடு.

சாதிக்

•

ஜார்ஜ்டவுன், சலேஹா கடை மாடி,
8 மார்ச் 2025

என் தம்பி சாதிக்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். நோன்பு பிடிச்சிருக்கியா? எனக்கு டாக்டர் வேணாம்னுட்டார். இதை விரைவு அஞ்சல்ல அனுப்பறேன். நீ விமானம் ஏறதுக்கு முன்னாடி கிடைக்கணும்னு துஆ கேட்டுக்கிட்டே எழுதறேன்.

ஏன் சொல்லலைன்னு கேட்டே. சொன்னா நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். இப்ப செஞ்சுட்டே பாரு, அதைத்தான் செய்வே. அதனாலதான் சொல்லல. என் வயித்தைக் காட்டி உன் வாயை அடைக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அதை உன் மச்சான் செஞ்சுட்டாங்க.

போன திங்கட்கிழமை நோன்பு திறந்ததும் அவங்ககிட்ட சொன்னேன்.

"நாளைக்கு நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"எதுக்கு?"

"அன்னைக்கு நீங்க போன்ல பேசினதைக் கேட்டேன். அதைச் சொல்லப் போறேன்."

பேரீச்சம்பழத்தைக் கையில வச்சுக்கிட்டே இருந்தாங்க. "உனக்கு என்ன தெரியும், ஹுதா? ஹோட்டல்காரன் கான்ட்ராக்டை ரத்து பண்றேன்னு நின்னான். ஒரே நடைதானேன்னு பார்த்தேன். எத்தனையோ தடவை அப்படிக் கூட்டிக்கிட்டு வந்திருக்கோம், ஒண்ணும் ஆகல."

"இந்தத் தடவை ஆயிடுச்சே."

"அவனை ஜெயிலுக்கு அனுப்ப மாட்டேன். நல்ல வக்கீலா வச்சு எடுத்துடுவேன். உன் தம்பியை நான் விட்டுடுவேனா?"

"விட்டுட்டீங்க. எங்க இருக்கான்னு தெரியாதுன்னு என் முன்னாடியே சொன்னீங்க."

அடிப்பாங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்தேன். அடிக்கல. அழுதாங்க. அவங்க அழுது நான் பார்த்ததே இல்ல. கோபப்பட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். "என் பிள்ளைக்கு நான் வேணாமா?"ன்னு கேட்டாங்க. நான் தட்டை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டேன். பதில் சொன்னா ஸ்டேஷனுக்குப் போக மாட்டேன்னு எனக்குத் தெரியும்.

மறுநாள் சலேஹா கூட வந்தா. ஸ்டேஷன்ல ஒரு பெண் அதிகாரி. நான் கேட்டது அத்தனையும் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன். நீ எங்க இருக்கேன்னு கேட்டாங்க. அதை மட்டும் சொல்லல. "அவன் வருவான், இல்லாட்டி நான் சொல்றேன்"னு சொன்னேன். வெளியே வந்ததும் படியில உட்கார்ந்துட்டேன். பிள்ளை உதைச்சுது. அதுவரைக்கும் அவ்வளவு பலமா உதைச்சதில்ல.

இப்ப சலேஹா கடை மாடியில இருக்கேன். கீழே நாள் முழுக்கப் புடவை பேரம். சத்தமா இருக்கு, ஆனா தூக்கம் வருது.

நீ வா, வராதேன்னு நான் சொல்ல மாட்டேன். நான் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன், உனக்காகக் காத்திருக்கல. சபாவுக்குப் போறதா இருந்தா போ. ஆனா எனக்காகப் போறேன்னு சொல்லாதே. என் பிள்ளைக்காகன்னு சொல்லாதே. அது ரெண்டும் இனிமே உண்மை இல்ல.

அல்லாஹ் உனக்கு வழி காட்டட்டும்.

உன் லாத்தா

•

பினாங்கு சிறை,
18 மே 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு மாசம் நெருங்குது, ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்குன்னு எழுது. இங்க எழுதறதை அதிகாரி பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்க, அதனால கொஞ்சம் தாமதமாகும். எனக்கு உடம்பு நல்லா இருக்கு. சாப்பாடு பரவால்ல. ஒரு தடவை ஓடினவன்னு ஜாமீன் கொடுக்கலைன்னு வக்கீல் சொன்னார். அது நியாயம்தான்.

நான் எப்படி வந்தேன்னு உன்கிட்ட நேர்ல சொல்ல நேரமே கிடைக்கல. உன் கடிதம் கிடைச்சப்போ பையெல்லாம் கட்டி வச்சிருந்தேன். விமான நிலையத்துக்கு பஸ் ஏறினேன். பாதி வழியில, செம்பூர்ணாவில என்ன செய்வேன்னு யோசிச்சேன். மறுபடி ஒரு கரையில உட்காருவேன். அதுக்கப்புறம் இன்னொரு கரை. எல்லாக் கரையும் அழகாத்தான் இருக்கும். கே.எல்.ல இறங்கி, பட்டர்வொர்த் பஸ்ஸைப் பிடிச்சேன். வழி முழுக்கப் பயந்துக்கிட்டேதான் வந்தேன், இறங்கி நேரா ஸ்டேஷன்ல போய்ச் சரணடைஞ்சேன். தைரியமா வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே.

மச்சானைக் கோர்ட்டுல பார்த்தேன். ரொம்ப மெலிஞ்சுட்டாங்க. அவங்க என்னைப் பார்க்கல. நான் சலாம் சொன்னேன். பதில் சொன்னாங்களான்னு தெரியல, வாய் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.

போன வியாழக்கிழமை என்னைப் பார்க்க ஆள் வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க. நீன்னு நினைச்சுப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ருக்குமணி அம்மா உட்கார்ந்திருந்தாங்க. நீ சொன்ன மாதிரியே மடியில பை. பேசறதுக்கு அங்க வச்சிருக்கற போனை எடுத்தாங்க, நானும் எடுத்தேன்.

"நீதான் அந்தத் தம்பியா?"

"ஆமாம்மா."

"வயசு கம்மியா இருக்கே"ன்னாங்க. அப்புறம், "சொல்லு. என் மகன் உன்கிட்ட என்ன பேசினான்?"

லாத்தா, இந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். வீட்டுக்குப் போன் பண்ணணும், அம்மா தேடுவாங்கன்னு சொன்னான்னு சொல்லிடலாம்னு. அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும். யாருக்கும் நஷ்டமில்ல. வாயைத் திறந்தேன். அவங்க கண்ணாடிகிட்ட முகத்தை வச்சு, ஒரு வார்த்தையும் விட்டுடக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. என்னால முடியல.

"'அண்ணே, எனக்கு நீச்சல் வராது, ஜாக்கெட் இருக்கா?'ன்னு கேட்டான்"னு சொன்னேன். "'பக்கம்தான் தம்பி, பயப்படாதே'ன்னு நான் சொன்னேன். 'சரிண்ணே'ன்னுட்டு ஏறினான்."

இதைத்தான் உனக்கு எழுத முடியாம கிழிச்சேன்.

அவங்க போனைக் காதுலேர்ந்து எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. நான் என் போனைக் காதுலயே வச்சிருந்தேன். எழுந்து போயிடுவாங்கன்னு நினைச்சேன். திட்டினாலும் எனக்குக் கேட்காது, வாயசைவுதான் தெரியும்னு நினைச்சேன். ஆனா மறுபடி எடுத்தாங்க.

"அப்படித்தான் இருப்பான். யார் என்ன சொன்னாலும் நம்பிடுவான்"னாங்க.

மடியில இருந்த பையை நேரா வச்சுக்கிட்டாங்க.

"உன்னை மன்னிக்க வரல நான். அதெல்லாம் எனக்கு வருமான்னே தெரியல. ஆனா அந்த இடத்தை நான் பார்த்ததே இல்ல. போகவும் தைரியம் இல்ல. அன்னைக்குக் காலையிலேர்ந்து சொல்லு. எப்படி இருந்துச்சு, அவன் என்ன செஞ்சான், எல்லாம்."

சொன்னேன். தெலுக் பாஹாங் ஜெட்டியில அவன்தான் முதல் ஆளா வந்து நின்னதைச் சொன்னேன். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையல. "நான்தான் தேய்ச்சேன்"னாங்க. கெராச்சுட் கரையைப் பத்திச் சொன்னேன். மணல் கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும், காலைக் குத்தும். பின்னால காட்டை ஒட்டி ஒரு ஏரி, அடியில கடல் தண்ணி, மேல மழைத் தண்ணி, ரெண்டும் கலக்காம இருக்கும். அதுக்கு மேல இருக்கற பாலத்துல நின்னு எட்டிப் பார்த்து, "பார்த்தா ஒரே தண்ணியாத்தானே இருக்குண்ணே"ன்னு கேட்டான். ஆமைக் குஞ்சுங்களைத் தொட்டியில வச்சிருப்பாங்க, அங்கேயே ரொம்ப நேரம் நின்னான். மத்தவங்க எல்லாம் கரையோரத் தண்ணியில ஆட்டம் போட்டாங்க. இவன் கால்சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு, எல்லாரோட செருப்பையும் போனையும் ஒரு துண்டுல குவிச்சு வச்சு, காவல் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். குரங்கு வந்து ஒரு செருப்பைத் தூக்கிக்கிட்டு ஓடிச்சு, கரை முழுக்கத் துரத்தி அதைப் பிடுங்கிக்கிட்டு வந்தான். எல்லாரும் கை தட்டினாங்க.

ருக்குமணி அம்மா சிரிச்சாங்க, லாத்தா. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "யாரோட செருப்பு?"ன்னு கேட்டாங்க. ஒரு பொண்ணோடதுன்னேன். "ஓ"ன்னாங்க.

ஆறு மாசமா நான் பார்த்த கரை எதையும் இப்படிச் சொன்னதில்ல. உனக்கு எழுதினப்போகூட.

வார்டன் வந்து நேரமாச்சுன்னு சைகை காட்டினார். அவங்க பையை எடுத்தாங்க, குடையை எடுத்தாங்க, ஆனா போனை வைக்கல.

"இப்ப எங்க நிக்கறோம்?"ன்னு கேட்டாங்க.

"மத்தியானம்மா. சாப்பிட உட்கார்றாங்க."

"சரி. அடுத்த வியாழக்கிழமை வர்றேன். மிச்சத்தைச் சொல்லு."

மிச்சம் என்னன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னும் நாலு நாள் இருக்கு. எனக்காக துஆ செய்.

உன் தம்பி,
சாதிக்